கர்ப்பம் என்று தெரியாமல் மாத்திரை போட்டாச்சா? குழந்தைக்கு பாதிப்பு வருமா?

பீரியட்ஸ் தள்ளிப்போய் பத்து நாள். டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு. அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு விஷயம் மண்டைக்குள் உறுத்த ஆரம்பித்துவிடும். போன வாரம் காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டோமே? அதற்கு முன்னால் இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ இரண்டு மாத்திரை போட்டோமே? அப்போதே கரு உண்டாகியிருந்ததா?

இந்தக் கேள்வியோடு கூகுளைத் திறந்தால் பயம் இரண்டு மடங்காகும். எந்த மாத்திரையின் பெயரைப் போட்டாலும் 'கர்ப்பிணிகள் தவிர்க்கவும்' என்றுதான் வரும். அந்தப் பயத்தில் சிலர் 'எதுக்கு ரிஸ்க், கலைச்சிடலாம்' என்ற முடிவுக்குப் போகிறார்கள். இன்னும் சிலர் பல வருஷமாகச் சாப்பிட்டு வரும் தைராய்டு மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் அன்றைக்கே தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

நிஜத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த மருந்துகளின் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் அந்தச் சில மருந்துகள் மிகவும் மோசமானவை. உங்கள் மாத்திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: என்ன மருந்து, எந்த வாரத்தில், எவ்வளவு.

முதலில் வாரக் கணக்கைச் சரி பண்ணுவோம்

டாக்டர் 'ஆறு வாரம்' என்று சொன்னால், கரு உருவாகி ஆறு வாரம் என்று அர்த்தம் இல்லை. கடைசியாக பீரியட்ஸ் வந்த முதல் நாளில் இருந்துதான் எண்ணுகிறார்கள். கரு உண்டாவது அதற்கு சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆக, 'ஆறு வாரம்' என்றால் கருவின் நிஜ வயது நான்கு வாரம்தான். பீரியட்ஸ் ஒழுங்காக வராதவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மாறும், ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும்.

இந்த இரண்டு வார வித்தியாசம் ரொம்ப முக்கியம். 'நாலாவது வாரத்தில் மாத்திரை சாப்பிட்டேன்' என்று பயப்படுபவர் பலருக்கு, அந்த நேரத்தில் கரு கர்ப்பப்பையின் சுவரில் ஒட்டி உட்கார்ந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். கையும் காலும் இதயமும் இன்னும் உருவாகத் தொடங்கியே இருக்காது.

கரு உண்டான முதல் இரண்டு வாரத்தை 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' காலம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. அப்போது கருவில் இருப்பவை ஒரே மாதிரியான செல்கள். ஒரு மருந்து அவற்றில் நிறைய செல்களை அழித்தால் கரு நிற்காது, பீரியட்ஸ் கொஞ்சம் தள்ளி வந்ததாகவே தெரியும். கொஞ்சம் செல்கள்தான் போயிற்று என்றால் மீதி செல்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். கரு வழக்கம்போல வளரும்.

இதற்கும் விதிவிலக்கு உண்டு. சில மருந்துகள் நிறுத்திய பிறகும் உடம்பில் நீண்ட நாள் தங்கிவிடும். சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெடின் அப்படிப்பட்டது. அதை நிறுத்தி மூன்று வருஷம் வரை கர்ப்பம் கூடாது என்றே எச்சரிக்கிறார்கள்.

உண்மையான ஆபத்துக் காலம் அதற்குப் பிறகு வருகிறது. டாக்டர் கணக்கில் 5-வது வாரம் முதல் 10-வது வாரம் வரை. மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் 6-வது வாரம் முடிவதற்குள் மூடிவிடும். அதாவது பீரியட்ஸ் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில். இதயம் துடிக்க ஆரம்பிப்பதும் அந்தச் சமயத்தில்தான். கை கால் மொட்டுகள் அதை ஒட்டி வரும். நிறைய பெண்கள் முதல் முறை டாக்டரிடம் போகும் முன்பே இந்த வேலையில் பாதி முடிந்திருக்கும்.

நூற்றில் மூன்று

எந்த மருந்தும் சாப்பிடாத, நல்ல ஆரோக்கியமான தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100-ல் 2 அல்லது 3 பேருக்கு ஏதாவது ஒரு பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். உலகம் முழுக்க ஏறக்குறைய இதுதான் நிலை. 'இந்த மாத்திரை ஆபத்தை அதிகரிக்காது' என்று டாக்டர் சொன்னால், ஆபத்து பூஜ்யம் என்று பொருள் இல்லை. இந்த 2, 3 என்ற அளவைத் தாண்டாது என்று பொருள்.

ஆனால் பயத்தில் இருப்பவர் மனதில் ஓடும் கணக்கே வேறு. கனடாவின் டொரோண்டோவில் 1989-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆபத்தில்லாத மருந்துகளைச் சாப்பிட்டிருந்த கர்ப்பிணிகளிடம் 'உங்கள் குழந்தைக்குக் குறைபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்டது. சராசரியாக அவர்கள் சொன்ன பதில் சுமார் 24 சதவீதம். விளக்கிச் சொன்ன பிறகு அது கணிசமாகக் குறைந்தது. கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு, சட்டமும் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் 100-ல் 3 என்பதை 24 என்று நினைத்துக்கொண்டு அந்த முடிவை எடுப்பது கொடுமை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

காரணம் இல்லாமல் வரவில்லை. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் க்ரூனென்தால் நிறுவனம் 'கான்டர்கன்' என்ற பெயரில் ஒரு தூக்க மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்தின் பெயர் தாலிடோமைடு. டாக்டர் சீட்டே தேவையில்லை, அவ்வளவு பாதுகாப்பானது என்றார்கள். கர்ப்பிணிகள் வாந்திக்கும் தூக்கமின்மைக்கும் அதைச் சாப்பிட்டார்கள். கை இல்லாமல், கால் இல்லாமல், தோளில் இருந்து நேராக விரல்கள் முளைத்த மாதிரி குழந்தைகள் பிறக்க ஆரம்பித்தன.

ஜெர்மனியில் விடுகுண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் என்ற இரண்டு டாக்டர்கள் 1961-ல் மருந்தின் மேல் சந்தேகத்தைக் கிளப்பினார்கள். அந்த வருஷம் நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் 46 நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. க்ரூனென்தால் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2012-ல். ஐம்பது வருஷம் கழித்து.

லென்ஸ் இன்னொரு வேலையும் செய்தார். எந்தத் தாய் எந்த நாளில் மாத்திரை சாப்பிட்டார், குழந்தைக்கு என்ன பாதிப்பு என்று நாள் நாளாகக் கணக்குப் பார்த்தார். கடைசி பீரியட்ஸின் முதல் நாளில் இருந்து எண்ணினால் 34-வது நாள் முதல் 50-வது நாள் வரை. அந்த இரண்டே கால் வாரத்தில் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குத்தான் அந்தக் குறைபாடுகள். அதிலும் முதல் சில நாட்களில் சாப்பிட்டால் காது, அடுத்து கை, அதற்கடுத்து கால். 'எந்த வாரம்' என்ற கேள்வியை இன்று எல்லா டாக்டரும் கேட்பதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

அமெரிக்காவில் தாலிடோமைடு கடைக்கு வரவில்லை. அங்குள்ள உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.-வில் புதிதாகச் சேர்ந்த பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, 'பாதுகாப்புக்கு ஆதாரம் போதவில்லை' என்று விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்தி வைத்தார். நிறுவனம் கொடுத்த நெருக்கடிக்கு அவர் மசியவில்லை. 1962-ல் ஜனாதிபதி கென்னடி அவருக்கு விருது கொடுத்தார்.

அந்த மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு நின்ற நிறுவனத்தின் பெயர் ரிச்சர்ட்சன்-மெர்ரல். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதே நிறுவனம் அடுத்த கதையிலும் வருகிறது.

பயமே பாதிப்பான கதை

கர்ப்பிணிகளின் வாந்திக்கு இந்த நிறுவனம் விற்ற இன்னொரு மாத்திரை பெண்டெக்டின். டாக்ஸிலமைன் என்ற மருந்தும் வைட்டமின் பி6-உம் சேர்ந்தது. தாலிடோமைடு பார்த்து அரண்டுபோன சமூகம், குறையோடு பிறந்த குழந்தைகளுக்கு இந்த மாத்திரையே காரணம் என்று நிறுவனத்தை வரிசையாகக் கோர்ட்டுக்கு இழுத்தது. ஆய்வுகளில் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் வழக்குச் செலவு தாங்காமல் 1983-ல் நிறுவனமே விற்பனையை நிறுத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு பிறவிக் குறைபாடுகள் குறைந்தனவா? இல்லை. கடும் வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேரும் கர்ப்பிணிகளின் எண்ணிக்கைதான் கூடியது. 2013-ல் அதே மருந்துக் கலவைக்கு எஃப்.டி.ஏ. மறுபடியும் அனுமதி கொடுத்தது. முப்பது வருஷம் வீண்.

நம்மூரில் மசக்கை வாந்திக்கு டாக்டர்கள் எழுதித் தரும் டாக்ஸினேட் மாத்திரை இந்தக் கலவைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு 'சாப்பிடலாமா, வேண்டாமா' என்று தவிப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது.

நிஜமாகவே பயப்பட வேண்டிய மருந்துகள் எவை?

முதலில் வர வேண்டியது முகப்பரு மாத்திரை. ஐசோட்ரெடினோயின் என்று அட்டையில் போட்டிருக்கும். மோசமான பருக்களுக்குத் தோல் மருத்துவர் தருவது. கர்ப்ப காலத்தில் இது உள்ளே போனால் மூளை, இதயம், காது, முகம் ஆகியவற்றில் பெரிய குறைபாடு வரும் வாய்ப்பு 20 முதல் 35 சதவீதம் வரை. அமெரிக்காவில் மாதா மாதம் 'கர்ப்பம் இல்லை' என்று டெஸ்ட் ரிசல்ட் காட்டினால்தான் அடுத்த மாத மாத்திரை கிடைக்கும். நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் கர்ப்பத்துக்கு முயற்சி செய்ய வேண்டும். 'அக்காவுக்கு கொடுத்தது மிச்சம் இருக்கு, நானும் போட்டுக்கிறேன்' என்ற பழக்கம் இந்த மாத்திரையில் மட்டும் கூடவே கூடாது. முகத்தில் தடவும் க்ரீம் இதே குடும்பத்து மருந்தாக இருந்தாலும் அவ்வளவு உள்ளே போகாது. தெரிந்ததும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொன்னால் போதும்.

அடுத்து வலிப்புக்கும் மனநலப் பிரச்சினைக்கும் தரும் சோடியம் வால்ப்ரோயேட். 2018-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வந்த யூராப் என்ற பன்னாட்டுப் பதிவேட்டின் முடிவு இப்படி: வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் 10.3 சதவீதம் பேருக்குப் பெரிய குறைபாடு. கார்பமசிபைன் என்றால் 5.5. லாமோட்ரிஜின் 2.9, லெவெடிரசிட்டம் 2.8. கடைசி இரண்டும் மருந்தே சாப்பிடாதவர்களின் அளவை ஒட்டித்தான் இருக்கின்றன. ஒரே நோய்க்கான மாத்திரைகளுக்குள் இவ்வளவு வித்தியாசம். வால்ப்ரோயேட்டில் டோஸ் கூடக் கூட ஆபத்தும் கூடும். அதோடு 10 குழந்தைகளில் 3 அல்லது 4 பேருக்குப் பேச்சு, படிப்பு, நடத்தை என வளர்ச்சியில் பின்னடைவு வரலாம். கேரளாவில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் 1998 முதல் வலிப்பு நோய் உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடத்தி வருகிறது. கல்யாணம் முடிவானதுமே நரம்பியல் மருத்துவரிடம் போய் 'மாத்திரையை மாத்தலாமா' என்று கேட்க வேண்டியது இதனால்தான். நோயையே மறைத்துக் கல்யாணம் செய்து வைக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்க வழியே இருப்பதில்லை.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட், இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. வார்ஃபரினால் 6-வது வாரம் முதல் 12-வது வாரம் வரை குழந்தையின் மூக்கெலும்பும் மற்ற எலும்புகளும் பாதிக்கப்படலாம். ஆனால் செயற்கை வால்வு வைத்தவர் அதைத் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஊசி மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பி.பி.க்கு இப்போது நிறைய பேர் சாப்பிடும் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளின் பெரிய ஆபத்து நான்காவது மாதத்துக்குப் பிறகுதான். குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கும், பனிக்குட நீர் வற்றும். முதல் சில வாரம் தெரியாமல் சாப்பிட்டவர்கள் பதற வேண்டாம். கர்ப்பம் உறுதியானதும் லேபெட்டலால் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றிவிடுவார்கள்.

நிறுத்தினால்தான் ஆபத்து

தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்ஸின் மாத்திரை. முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. அம்மாவிடம் இருந்து போவதுதான் அதன் மூளை வளர்ச்சிக்கு. கர்ப்பம் தெரிந்ததும் பயந்து நிறுத்தினால் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியதைப் பறிப்பதாகிவிடும். பலருக்கு டோஸை அதிகமாக்கவே வேண்டி வரும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குத் தரும் கார்பிமசோல் வேறு மருந்து. முதல் மூன்று மாதத்தில் அதற்குச் சிறிய ஆபத்து உண்டு, அதை டாக்டர் மாற்றலாம். 'தைராய்டு மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த மாத்திரை என்று பெயரோடு சொல்வது இதனால் முக்கியம்.

வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். வால்ப்ரோயேட்டாகவே இருந்தாலும் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்து விழுந்தால் தாய், குழந்தை இரண்டு பேருக்கும் ஆபத்து. காசநோய் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், இன்சுலின், மன அழுத்தத்துக்கான மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் கர்ப்பமானால் குழந்தைக்கு இதயக் குறைபாடு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். அதோடு ஒப்பிட்டால் மாத்திரையின் பயம் ஒன்றுமே இல்லை.

சரி, எல்லோரும் போடும் சாதாரண மாத்திரைகள்?

பாராசிட்டமால்: காய்ச்சலுக்கும் வலிக்கும் கர்ப்ப காலத்தில் முதல் தேர்வு இன்றைக்கும் இதுதான். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், இதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்ற ரீதியில் பேசியதும் உலகம் முழுக்கப் பரபரப்பானது. அடுத்த இரண்டே நாளில் உலக சுகாதார நிறுவனம், அப்படி உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை என்று சொன்னது. 2024-ல் ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த குழந்தைகளில், வயிற்றில் இருக்கும்போது பாராசிட்டமால் பட்டவரையும் படாதவரையும் ஒப்பிட்டபோது ஆட்டிசத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மாறாக, ஆரம்ப வாரங்களில் கடும் காய்ச்சலை அப்படியே விடுவதுதான் தண்டுவடக் குறைபாட்டுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. டாக்டர் சொன்ன அளவில், தேவைப்படும் நாள் மட்டும் போட்டால் சரி.

ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைத் தெரியாமல் ஒன்றிரண்டு போட்டிருந்தால் கலங்க வேண்டாம். ஆனால் தெரிந்த பிறகு தொடரக் கூடாது, 20-வது வாரத்துக்கு மேல் கண்டிப்பாகக் கூடாது. ஆன்டிபயாடிக்கில் அமாக்ஸிசிலின் பல காலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வருவது. டாக்ஸிசைக்ளின் பிற்பட்ட மாதங்களில் குழந்தையின் பல்லில் கறை படிய வைக்கும், ஆரம்பத்தில் ஒரு கோர்ஸ் போட்டதற்காகப் பயம் வேண்டாம்.

ஐ-பில் போட்டும் கர்ப்பம் நின்றுவிட்டதா? அதில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்கியதாக ஆதாரம் இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பமானவர்களுக்கும் இதேதான்.

நம் வீடுகளில் அதிகம் புழங்கும் இன்னொன்று, கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம், நாத்தனார் கல்யாணம் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரை. இதில் மருந்தைவிடப் பெரிய சிக்கல், பீரியட்ஸ் வராததற்கு மாத்திரைதான் காரணம் என்று நினைத்து, கர்ப்பம் தெரியாமலேயே வாரங்கள் ஓடிவிடுவது. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரத்தில் பீரியட்ஸ் வரவில்லை என்றால் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

'நாட்டு மருந்துதானே, பக்க விளைவு இருக்காது' என்பதும் சரியில்லை. பஸ்பம், செந்தூரம் வகைகளில் உலோகம் சேர்க்கப்படுகிறது. அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கடையில் வாங்கிய 'கிட்' பாதியில் நின்றால்?

இது வெளியே யாரும் பேசாத விஷயம். கருக்கலைப்பு மாத்திரை கிட்டை டாக்டரைப் பார்க்காமல் வாங்கிச் சாப்பிட்டு, கொஞ்சம் ரத்தப்போக்கு வந்ததும் 'முடிஞ்சது' என்று விட்டுவிடுகிறார்கள். சிலருக்குக் கர்ப்பம் கலையாமல் தொடரும். மூன்று மாதம் கழித்து வயிறு தெரியும்போதுதான் புரியும். அதற்குள் மனசு மாறி, குழந்தை வேண்டும் என்ற நிலையில்கூடச் சிலர் இருப்பார்கள்.

அந்த கிட்டில் இருக்கும் மிசோப்ரோஸ்டால் கர்ப்பப்பையைச் சுருக்கி, கருவுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். 1990-களில் பிரேசிலில் இப்படித் தோல்வியடைந்த முயற்சிகளுக்குப் பிறகு பிறந்த சில குழந்தைகளிடம், முக நரம்பு செயலிழந்து சிரிக்கவே முடியாத மோபியஸ் பாதிப்பையும் கை கால் குறைபாடுகளையும் டாக்டர்கள் கண்டார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் இந்த ஆபத்து சிறியதுதான். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஆனாலும் இந்தத் தகவலை மறைத்துவிட்டு ஸ்கேனுக்குப் போவதில் அர்த்தம் இல்லை.

இந்தியாவில் 1971-ன் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும், சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புதலுடன் அனுமதி உண்டு. மாத்திரை முறை 9 வாரத்துக்குள் மட்டும், அதுவும் டாக்டர் கண்காணிப்பில். வயது வந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

காபி, பாக்கு, புகையிலை, மது

காபியை விடவே முடியாது என்பவர்களுக்கு நல்ல செய்தி. ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபைன் வரை பெரிய பிரச்சினை இல்லை என்பது பல மருத்துவ அமைப்புகளின் நிலை. ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 இருக்கிறது. இன்ஸ்டன்ட் காபியோ டீயோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் கணக்குக்குள்தான். நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க எனர்ஜி டிரிங்க் குடிப்பவர்கள் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். டீ, காபியைச் சாப்பாட்டோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராது.

வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் போடும் பெண்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். 'நான் பீடி, சிகரெட்டா குடிக்கிறேன்?' என்று கேட்பார்கள். நிகோடின் வாய் வழியாகப் போனாலும் நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். எடை குறைந்த குழந்தை, குறைமாதப் பிரசவம் என்பதுதான் இதன் விளைவு. வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கும் கணவரும் இந்தக் கணக்கில் உண்டு.

மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. குடித்த தாய்மாரின் குழந்தைகளிடம் முக அமைப்பு, வளர்ச்சி, மூளை ஆகியவற்றில் ஒரே மாதிரியான பாதிப்பு இருப்பதை அமெரிக்காவின் சியாட்டில் நகர டாக்டர்கள் 1973-ல் பெயரிட்டு அறிவித்தார்கள். தெரியும் முன் ஒரு பார்ட்டியில் குடித்ததை மாற்ற முடியாது, ஆனால் மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. அதனால் எந்த வாரத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு லாபம்.

கஞ்சா எடுத்தால் குழந்தையின் எடை குறையும். கொக்கைன், மெத் போன்ற ஊக்க வகைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றி, குறைமாதப் பிரசவத்துக்கும், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதற்கும் காரணமாகலாம். போதைக்காக வலி நிவாரண மாத்திரைக்கோ ஊசிக்கோ பழகிவிட்ட பெண் கர்ப்பமானால், திடீரென நிறுத்துவது உடம்புக்கு ஆபத்து. அதற்கு மாற்று மருந்து கொடுத்துக் கொண்டுவரும் சிகிச்சை இருக்கிறது. போலீஸில் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் டாக்டரிடம் மறைப்பவர்களே அதிகம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது டாக்டரின் கடமை.

கூகுள் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது?

கர்ப்பிணிகளை வைத்து மருந்துப் பரிசோதனை நடத்துவது அபூர்வம். அதனால் பெரும்பாலான மருந்து அட்டைகளில் 'போதிய தகவல் இல்லை, தவிர்க்கவும்' என்று நிறுவனங்கள் பாதுகாப்புக்காகப் போட்டுவிடும். 'தகவல் இல்லை' என்பதை 'ஆபத்து' என்று நாம் படிக்கிறோம்.

இணையத்தில் இன்னும் சுற்றும் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற பழைய பட்டியலும் குழப்பம்தான். 'சி' என்றால் மூன்றாம் நிலை ஆபத்து என்று நினைப்பார்கள். மனிதர்களிடம் சரியான ஆய்வு இல்லை என்பதுதான் அதன் பொருள். இந்தக் குழப்பத்தாலேயே எஃப்.டி.ஏ. 2015 முதல் அந்த எழுத்து முறையையே கைவிட்டுவிட்டது.

இப்போ என்ன செய்யணும்?

மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். காலி அட்டையாக இருந்தாலும் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'வெள்ளை மாத்திரை, சிவப்பு மாத்திரை' என்று சொன்னால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. கடைசி பீரியட்ஸ் தேதி, மாத்திரை சாப்பிட்ட தேதி, எத்தனை நாள் என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையமோ தனியார் டாக்டரோ, அந்தப் பேப்பரோடு போங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பயம் வந்தால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

ஃபோலிக் அமிலம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இன்றே ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தை பெற்ற தாய்மாரிடம் இந்த மாத்திரை, மறுபடியும் அப்படி வருவதை 72 சதவீதம் தடுத்தது என்று 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய பெரிய ஆய்வு காட்டியது. அந்தக் குழாய் 6-வது வாரத்தில் மூடிவிடும் என்பதால், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறார்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிக அளவு தேவைப்படலாம்.

அடுத்தது ஸ்கேன். 11 முதல் 13 வாரத்தில் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதை ஸ்கேன் எடுக்கும் டாக்டரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். வால்ப்ரோயேட் என்றால் தண்டுவடத்தை, வார்ஃபரின் என்றால் மூக்கெலும்பை, மிசோப்ரோஸ்டால் என்றால் கை கால்களை அவர் கூடுதல் நேரம் எடுத்துப் பார்ப்பார். இதயத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் குழந்தையின் இதயத்துக்கு மட்டும் தனியாக எக்கோ ஸ்கேன் எழுதித் தருவார்.